காளாம்பியும் கால்வழியும்

பழந்தமிழ்ப் புலவர்க்குக் காளான் வறுமையின் பூவாகத் தோன்றிற்று. அதனை அவர் ஆம்பி என்றனர். குமணனைக் காணச் சென்ற பெருந்தலைச் சாத்தனார் தம் மனைநிலையை எடுத்துரைக்கும் புறப்பாட்டிலே, சமைக்கும் தொழிலையே மறந்துவிட்ட அடுப்பில் ஆம்பி முளைத்துக் கிடப்பதைக் கூறுகின்றார். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களை அதனினும் கொடியது. குட்டி ஈன்ற நாயொன்று ஊட்டுதற்குப் பாலின்றி ஆங்கே குரைக்கின்றது. மேற்கூரையின் கழிகள் கட்டு நெகிழ்ந்து வீழ்கின்றன. சிதல் அரித்துக் கொட்டிய பழஞ்சுவர்ப் புழுதியிலே காளாம்பி பூத்து நிற்கின்றது. சிதல் என்பது கறையான். கறையானையும் காளானையும் அடுத்தடுத்து நிறுத்திய அவ்விடத்தை வகுப்பிற் படித்த நாளன்று என் மனம் பாட்டை விட்டு ஊருக்குப் போய்விட்டது.

போனதற்குக் காரணமும் உண்டு. அப்பாட்டின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இற்றைத் திண்டிவனத்தை அடுத்துள்ளது. அவனது எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர் கொள்வர். மரக்காணத்தினின்று கடலோரச் சாலை வழியே தெற்கு நோக்கி வந்தால், புதுச்சேரி எல்லையை மிதிக்குமுன் இறுதியாகக் கிட்டும் ஊர் கோட்டக்குப்பம். யான் பிறந்ததும் வளர்ந்ததும் ஆங்கேதான். நத்தத்தனார் பாடிய நாட்டில் இன்றும் மழை பெய்தால் கறையான் இருக்குமிடத்திலே காளான் எழுகின்றது.

கோட்டக்குப்பத்தை வண்டியிற் கடந்து செல்வோர் கடைத்தெருவையும் பள்ளிவாசலையும் கண்டு அப்பாற் போவர். ஊரின் இயல்பை அறிய வேண்டுவோர் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே சிறிது தூரம் நடத்தல் வேண்டும். கிழக்கே கடல்மணல், மேற்கே செம்மண் மேடு. அம்மேட்டை மழைநீர் அறுத்து ஓடைகளாக்கியிருக்கின்றது. முந்திரித் தோப்பும் பனையும் அதன்மேல் நிற்கின்றன. சோழமண்டலக் கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்கள் சில கோயிற்காடுகளில் ஒளிந்துள்ளன. 1968-ம் ஆண்டில் ஆரோவில் நகர் தொடங்கப்பெற்ற பின்னர் நட்டு வளர்த்த மரங்கள் அவற்றிற்கு அப்பால் அடர்ந்திருக்கின்றன. உதிர்ந்த இலையும் உலர்ந்த கொம்பும் உள்ள அந்நிலத்திற் கறையானுக்குக் குறைவில்லை. ஐப்பசி மழை இரண்டு பெய்து வெயில் எழுந்த காலையிற் புற்றின் அருகே வெண்குடைகள் விரிந்திருக்கும். இடி இடித்தமையால் முளைத்தன என்பர் ஊரார்.

எங்கள் ஆயாவுக்கு அப்பொழுது ஒரு பரபரப்பு உண்டாகும். கூடையும் கைக்குச்சியுமாகப் புறப்படுவார். புற்றுக்காளானை அவர் பறிக்கும் முறை வேறு. குடையைப் பார்த்தவுடன் கிள்ளமாட்டார். குச்சியால் அடிமண்ணைக் கிளறுவார். காம்பு கீழே இறங்கி வேர்போல நீண்டு புற்றுக்குள் ஓடினாற்றான் எடுப்பார். இல்லையேல் தொடாது எழுந்துவிடுவார். “மேலே பார்த்தா எல்லாம் ஒரே குடைதான், கண்ணு, அடியைத் தோண்டிப் பாரு” என்பது அவர் எனக்குச் சொன்ன இலக்கணம். பூச்சி தின்ற காளான் நல்லது, வெள்ளிக்காசைக் கறுக்கச் செய்வது நஞ்சு என்று வழங்கும் வழக்குக்களை அவர் மதிப்பதில்லை. மதியாமை நன்றே, அவை முற்றும் பொய். மனிதனைக் கொல்லும் காளானைப் புழு இனிதே தின்னும்; வெள்ளி அந்நஞ்சை அறியாது.

ஆயாவின் இலக்கணம் எவ்வளவு வலியது என்பதை உணர்தற்கு, அதனைக் கைவிட்டோர் எடுத்துவரும் காளான் ஒன்றை அறிதல் வேண்டும். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பது அதன் நூற்பெயர். புல்வெளியில் வட்டமிட்டு எழும். பருத்து வெளுத்து அழகாயிருக்கும். உண்டவரை வாந்தியும் பேதியுமாக வாட்டும். வெப்ப நாடுகளிற் காளான் நஞ்சால் நேரும் துன்பங்களுள் மிகுதிக்குக் காரணம் இதுவே. முதிர்ந்தபின் இதன் செதில்கள் பசுமை கலந்து தோன்றும். குடையை வெள்ளைத்தாளின்மேல் ஓரிரவு கவிழ்த்து வைத்தால் வித்துத்தூள் பச்சையாகப் படியும். இளமையிலோ அக்குறி ஒன்றுமில்லை. வெண்குடையும் வெண்குடையும் ஒன்றெனவே கண் கூறும். ஒன்று நீண்ட வேரோடு புற்றினின்று வருவது. மற்றொன்று புல்லடியிலேயே முடிந்துவிடுவது. ஆயாவின் குச்சி அவ்வேற்றுமையைக் கண்டுவிடுகின்றது.

புறத்தோற்றத்தை நம்பாமல் அகத்தைப் பார்த்து இனம் பிரித்தல் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில் வெளியே வயிரம் உடையதைப் புல் என்றும் உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும் வகுத்தார். அதனாலன்றோ வானளாவ நிற்கும் பனையும் தென்னையும் புல்லாயின! உயரத்தைக் கண்டு மயங்காத அத்துணிவை யான் ஒவ்வொரு முறையும் வியப்பேன். ஆயினும் காளானை அவ்விரண்டனுள் எதில் வைப்பது? அதற்குப் புறவயிரமும் இல்லை, அகவயிரமும் இல்லை. மேனாட்டாரும் நெடுங்காலம் இடர்ப்பட்டு, இலையில்லாத செடி என்று ஒருவாறு அமைந்தனர். 1993-ம் ஆண்டில் மரபணு எழுத்துக்களை ஒப்பிட்ட ஆராய்ச்சிகள், பூஞ்சையினம் செடிகொடிகளைவிட விலங்கினத்திற்கே நெருங்கிய உறவு என்று காட்டின. இதைக் கேட்ட ஆயா காளான் குழம்பு இறைச்சி மணக்கும் காரணம் இப்பொழுது விளங்கிற்று என்றார். அது காரணமன்று எனினும் யான் மறுத்துரைக்கவில்லை.

காளான்களை முறைப்பட வகுத்த பேராசான் சுவீடன் நாட்டு எலையாஸ் ஃபிரீஸ். 1821-ம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய தம் நூலில், வித்துத்தூளின் நிறம், குடையடியின் செதிலமைப்பு ஆகியவற்றைக் கொண்டு அவர் குடும்பங்களை அமைத்தார். பின்வந்தோர் அவ்வழியே நடந்தனர். ஈழத்தினின்று சென்ற புற்றுக்காளான் ஒன்றை ஆங்கிலக் குருவாகிய பெர்க்லி 1847-ம் ஆண்டில் விவரித்தபோது, அதன் வேரைக் குறிக்கும் சொல்லாலேயே பெயரிட்டார். ஆயாவின் கண்ணுக்குப் பட்டது அவர் கண்ணுக்கும் பட்டிருக்கின்றது! பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் 1942-ம் ஆண்டில் இக்காளான்களைத் தனிப்பேரினமாக்கி டெர்மிட்டோமைசிஸ் என்றார். கறையான் பூஞ்சை என்பது பொருள். சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து தென்னாட்டுக் குடைக்காளான்களை வரிசைப்படுத்தி எழுதிய கே. நடராஜன் 1979-ம் ஆண்டில் நம் நாட்டுப் புற்றுக்காளான் ஒன்றைப் புதிதென நிறுவி, ஹைமின் பெயரால் டெர்மிட்டோமைசிஸ் ஹைமியை என்று வழங்கினார்.

இவையெல்லாம் கண்ணாலும் உருப்பெருக்கியாலும் செய்த வேலை. அரிய வேலையே. ஆயினும் ஒரு தொல்லை இருந்தது. உருவம் ஒத்தவை யாவும் உறவினர் அல்ல. ஒரே வகை மழையும் ஒரே வகை மண்ணும் வெவ்வேறு குலத்தாரை ஒரே கோலம் பூணச் செய்யும். இதனைத் தெளிவிக்கவே மரபணுத்தொகுதி ஆராய்ச்சி வந்தது.

விஞ்ஞான மாணவர் இதனைத் தம் சொல்லில் விளக்குவர். தமிழ் மாணவனாகிய யான் எனக்கு விளங்கிய வகையிலேயே கூறுகின்றேன். 1889-ம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். அதற்கு அவர் ஊரூராய்த் தேடிய ஏட்டுச்சுவடிகள் ஒன்றுபோல் ஒன்று இருந்தனவல்ல. ஏடெழுதுவோன் ஓரெழுத்தை மாற்றுவான். ஒரு சீரை விடுவான். ஓரடியை இருமுறை எழுதுவான். அவன் சுவடியைப் பார்த்து எழுதியவன் அப்பிழையையும் பெயர்த்தெழுதித் தன் பிழையையும் சேர்ப்பான். ஆகவே ஒரே இடத்தில் ஒரே பிழையுடைய இரு சுவடிகள், வெவ்வேறு ஊரிற் கிடைத்தனவாயினும், ஒரு தாய்ச்சுவடியின் வழிவந்தவை என்று துணியலாம். சுவடியின் அளவும் ஓலையின் நிறமும் கையெழுத்தின் அழகும் இதற்குச் சான்றாகா.

உயிர்களின் உடலிலும் இத்தகைய சுவடி ஒன்று உண்டு. அதன் நெடுங்கணக்கு நான்கே எழுத்து. டி.என்.ஏ. என்னும் இழையில் அவ்வெழுத்துக்கள் நிரல்பட நிற்கின்றன. காளானொன்றின் முழுச்சுவடி பெரும்பாலும் சில கோடி எழுத்துடையது. தாயினின்று சேய்க்குப் பெயர்த்தெழுதும் ஒவ்வொரு முறையும் சிற்சில எழுத்துக்கள் மாறுகின்றன. அம்மாற்றங்களை ஒப்பிட்டு எந்தக் காளான் எந்தக் காளானோடு ஒரு தாய்ச்சுவடியிற் பிரிந்தது என்று காண்பதே கால்வழி ஆராய்ச்சி. பதிப்பாசிரியர்க்கும் இவ்வாராய்ச்சியாளர்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. அவர் பிழையைக் களைந்து மூலபாடத்தைத் தேடுவார்; இவர்க்கோ பிழையே செல்வம். பிழையில்லாப் படியினின்று உறவறிய இயலாது.

முதலில் முழுச்சுவடியையும் படிக்கும் வசதி இல்லை. ஆகையால் ஓரேட்டை மட்டும் தேர்ந்தனர். புரதம் ஆக்கும் கடமையின்றி, விரைந்து மாறும் ஐ.டி.எஸ். என்னும் சிறு பகுதி அது. 1990-ம் ஆண்டில் அதனை எளிதிற் பெருக்கும் வழி வெளியாயிற்று. 2012-ம் ஆண்டில் பன்னாட்டறிஞர் கூடி, பூஞ்சைகளை இனங்காணும் பொதுக்குறியாக அதனையே முன்மொழிந்தனர். காய்ந்த காளானில் அரிசியளவு துண்டு இருந்தாற் போதும். அதனை அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, அவ்வேட்டைப் படித்து, முன்னரே படித்து வைத்தவற்றோடு ஒப்பிடலாம். ஆனால் ஓரேட்டின் சாட்சி சிலபோது ஏமாற்றும். இரு சுவடிகளை ஒத்துப்பார்த்துக் கலந்தெழுதிய ஏடுகள் பதிப்பாசிரியரை மயக்குவதுபோல, இரு குலம் கலந்த உயிர்களின் ஓரேடு ஒரு கதையும் மற்றோரேடு வேறு கதையும் சொல்லும். அதனாற்றான் இப்பொழுது முழுத்தொகுதியையும் படிக்கின்றனர்.

படித்த பின்னர்ப் பழைய குடும்பங்கள் பல கலைந்தன. வித்தை உள்ளேயே மூடிவைத்திருக்கும் உருண்டைக் காளான்களை ஒரு வகுப்பாக வைத்திருந்தார்கள். 1997-ம் ஆண்டில் ஹிப்பெட்டும் அவர் தோழரும், அவ்வுருவம் குறைந்தது நான்கு முறை தனித்தனியே தோன்றியதென்றும், செதிலுடைய குடைகளும் குறைந்தது ஆறு முறை தோன்றியவை என்றும் காட்டினர். ஒரு வகுப்பே இல்லாது போயிற்று! முதிர்ந்தால் மைபோற் கரைந்தொழுகும் காளான்கள் நம் வைக்கோற்போரிலும் எருக்குழியிலும் மிகுதி. காப்ரினஸ் என்ற ஒரே பேரினத்தில் இவையெல்லாம் அடங்கியிருந்தன. 2001-ம் ஆண்டில் அது நான்காகப் பிரிக்கப்பட்டது. பழம்பெயரைத் தக்கவைத்துக்கொண்ட சிலவோ மற்றவற்றைவிட்டு, கடையில் விற்கும் பொத்தான் காளானின் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தன. மையாகக் கரைதல் குலத்தின் அடையாளமன்று. வெவ்வேறு குலத்தார் கற்ற ஒரே தொழில். 2019-ம் ஆண்டில் 5,284 இனங்களைக் கொண்டு ஒரு பெருங்கால்வழி மரமே வரையப்பட்டது.

இங்கே நத்தத்தனாரிடம் ஒரு சிறு வழக்கு உண்டு. அவர் தம் காளாம்பிக்குப் புழல் என்னும் அடை கொடுத்தார். உட்டுளை உடையது என்பது பொருள். புற்றுக்காளானின் காம்பு உட்கட்டியானது. கரைந்தொழுகும் சிறு காளான்களின் காம்பே குழல்போலிருக்கும். ஈரம் ஊறிய பழஞ்சுவரிலும் மக்கிய மரத்திலும் எழுவதும் அவற்றின் இயல்பு. ஆகவே பாணன் வீட்டுச் சுவரிற் பூத்தது ஆயா சமைக்கும் காளான் அன்று என்பதே என் துணிபு. சமைக்கத்தக்கதாயின் அவ்வீட்டார் அதனை விட்டுவைத்திருப்பரோ?

இனி நம் நாட்டோடு நெருங்கிய ஒரு வரலாறு கூறவேண்டும். லின்னேயஸின் மாணாக்கராகிய யோகான் கெர்ஹார்டு கோனிக் என்னும் மருத்துவர் 1768-ம் ஆண்டளவில் தரங்கம்பாடிக்கு வந்து மிஷனுக்கு வைத்தியம் பார்த்தார். நோயாளியைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் செடி பார்த்தார். பார்த்தவற்றை உலர்த்தித் தம் ஆசானுக்கு அனுப்பினார். தஞ்சைச் சீமையிற் கறையான் புற்றுக்களைப் பிளந்து ஆராய்ந்து 1779-ம் ஆண்டில் ஜெர்மன் மொழியிற் கட்டுரை வெளியிட்டார். புற்றினுள்ளே பூஞ்சை இருத்தலை அதிற் குறித்தார். கறையானைப்பற்றிய முதல் விஞ்ஞான நூல்களுள் ஒன்று நம் காவிரிக்கரையிற் பிறந்தது என்பதை நம் மாணவர் எத்துணைப்பேர் அறிவர்? நம்போன்ற கல்லூரிகளின் முன்னோடிகள் மறைநூலோடு மண்ணையும் படித்தனர் என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

அவர் தரங்கம்பாடியில் இருந்த காலத்திலே, 1771-ம் ஆண்டில், இந்தியாவினின்று சென்ற காளான் ஒன்றை லின்னேயஸ் லைக்கோபெர்டான் பிஸ்டில்லாரே என்று பெயரிட்டு அச்சேற்றினார். உலக்கை போன்ற நீண்ட காம்பின்மேல் விரியாது மூடிய குடை, உள்ளே கருந்தூள். மூடியிருந்தமையால் உருண்டைக் காளான்களோடு அதனைச் சேர்த்தார். பிற்காலத்தில் அது போடாக்ஸிஸ் பிஸ்டில்லாரிஸ் ஆயிற்று. டி.என்.ஏ.வைப் படித்தபோதோ, அது கரைந்தொழுகும் காப்ரினஸின் நெருங்கிய உறவு என்று தெரிந்தது. பாலைமணலில் தனித்து வாழ்வனவும், கறையான் புற்றின்மேல் மட்டும் வாழ்வனவும் இப்பேரினத்தில் உள்ளன.

2021-ம் ஆண்டில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கான்லன், பவுல்சன் முதலியோர், அருங்காட்சியகங்களில் உறங்கிய போடாக்ஸிஸ் மாதிரிகள் பத்தின் முழுத்தொகுதிகளைப் படித்து வெளியிட்டனர். அவற்றுள் இரண்டு, 240 ஆண்டுகட்கு முன்னர் லின்னேயஸ் காலத்திற் பெயர்பெற்ற மூலமாதிரிகள். தரங்கம்பாடியை ஆண்ட டேனியரின் தலைநகரிலேயே அவ்வாராய்ச்சி நடந்தது ஒரு தற்செயல், இனிய தற்செயல். அவர் கண்டது இது: தனித்து வாழும் இனங்களைவிடக் கறையானை அண்டி வாழும் இனங்களின் தொகுதி சிறிது, மரபணுக்களும் குறைவு, மரத்தின் வன்பொருளாகிய லிக்னினைச் சிதைக்கும் ஆற்றலும் தளர்ந்தது. பிறர் மனையிற் சோறு கிடைக்கப்பெற்றவன் உழவுக்கருவிகளை ஒவ்வொன்றாகத் தொலைத்துவிடுவதுபோல! இந்தியாவினின்று சென்ற ஒரு பிடி மணற்காளான் இரண்டரை நூற்றாண்டு தாளில் இருந்து, அதனைச் சேர்த்தவரும் பெயரிட்டவரும் கனவிலும் எண்ணாத கேள்விக்கு விடை சொல்லியிருக்கின்றது.

புற்றுக்காளான்களின் கால்வழியும் அவ்வாறே வெளிப்பட்டது. கறையான்கள் தம் புற்றினுள்ளே தோட்டமிடுகின்றன. சருகையும் மரத்துகளையும் காளான் வித்தோடு சேர்த்துத் தின்று, தம் கழிவால் தேனடைபோன்ற அடை கட்டுகின்றன. அதிற் பூஞ்சை படர்ந்து வெண்மணிகளைத் தருகின்றது. அம்மணிகளும் பழைய அடையும் அவற்றிற்கு உணவு. மழைக்காலத்தில் அவ்வடையினின்றே காளான் முளைத்து மண்ணைத் துளைத்து மேலே வருகின்றது. ஆயா தோண்டிக் காணும் வேர் அத்தோட்டத்திற்குச் செல்லும் வழி. 2002-ம் ஆண்டில் ஆனன் முதலியோர் இரு சாராரின் கால்வழிகளையும் ஒப்பிட்டு, இவ்வுழவு ஆப்பிரிக்காவில் ஒரே முறை தொடங்கியதென்றும், தொடங்கிய குலத்தில் ஒன்றேனும் அதைக் கைவிடவில்லை என்றும் நிறுவினர். தொடங்கியது ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன். 2014-ம் ஆண்டில் கறையான், காளான், கறையானின் குடற்கிருமிகள் ஆகிய மூன்றன் தொகுதிகளையும் ஒருங்கே படித்தவர்கள், செரிப்புத்தொழிலைக் காளானும் கிருமிகளும் தம்முட் பங்கிட்டுக்கொள்கின்றன என்று கண்டனர்.

எங்கள் வானூர் வட்டத்திலேயே திருவக்கரை உள்ளது. ஆங்குக் கிடக்கும் கல்மரங்கள் இரண்டு கோடி ஆண்டுப் பழமையுடையன என்று நிலநூலார் எழுதிவைத்திருக்கின்றனர். பூஞ்சைக்கு இரையாகுமுன் மணலில் மூடப்பட்டமையால் அவை கல்லாயின. அவை வீழ்ந்த நாளிலேயே கறையானின் உழவு ஒரு கோடி ஆண்டுப் பழமை பெற்றிருந்தது. யான் சிறுவயதில் அக்கல்மரங்களின்மேல் ஏறி விளையாடியிருக்கின்றேன். இக்கணக்கை அறிந்தபின் அவற்றைத் தொடவும் கூசுகின்றது.

இவற்றையெல்லாம் யான் ஆவலோடு பேசுவதைக் கேட்ட எங்கள் சபையின் மூப்பர் ஒருவர், ஆராதனை முடிந்தபின் என்னைத் தனியே அழைத்தார். கடவுள் ஒவ்வொன்றையும் அதனதன் இனப்படி படைத்தார் என்று ஆதியாகமம் கூற, இனம் இனமாய் மாறி வந்ததென்று நீ பேசுவது தகுமோ என்றார். அவர் கேட்டது சினத்தினாலன்று. என்மேல் வைத்த அன்பினால். ஆதலின் அதற்கு நகைத்து விடைகூற என்னால் இயலவில்லை. இனங்கள் ஆதியில் எத்தனை படைக்கப்பட்டனவோ அத்தனையே என்று லின்னேயஸும் தம் இளமையில் எழுதினார். பிற்காலத்தில் கலப்பினங்களைக் கண்டு அக்கொள்கையைத் தாமே தளர்த்தினார். அவர் பக்தி அதனாற் குறைந்ததாக யாரும் சொல்வதில்லை. யான் மூப்பரிடம் கூறியது இவ்வளவே: “ஐயா, படைத்தவரை யான் ஐயுறவில்லை. அவர் எழுதிய சுவடி நாம் எண்ணியதினும் நீளமானது என்றுமட்டும் அறிகின்றேன்.” அவர் முழுதும் உடன்படவில்லை. கையை என் தோள்மேல் வைத்துச் சிறிது நேரம் இருந்துவிட்டு, அடுத்த ஞாயிறு மேலும் பேசுவோம் என்றார். பேசிக்கொண்டுதான் இருக்கின்றோம்.

அவ்வாகமத்திலேயே கடவுள் உயிர்களை ஆதாமிடம் கொண்டுவந்து அவன் இடும் பெயரைக் காண நின்ற செய்தியும் உளது. மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் அவன் பெயரிட்டான். காளானைப்பற்றி ஆங்கு ஒன்றுமில்லை. அவ்வேலை நமக்கே விடப்பட்டதுபோலும். இதுகாறும் பெயர்பெற்ற பூஞ்சையினங்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். உள்ளவையோ 22 லட்சத்திற்கும் 38 லட்சத்திற்கும் இடைப்படும் என்று 2017-ம் ஆண்டில் வெளியான மதிப்பீடு கூறும். பத்தில் ஒன்றுக்குக்கூட நாம் பெயரிட்டோமில்லை.

இதற்கிடையில் எங்கள் மேட்டுநிலம் மனைகளாகின்றது. கற்கள் நட்டு, வண்ணக்கொடி கட்டி, முதலிற் செய்யும் வேலை புற்றை இடித்துச் சமன்செய்தல். குடியிருக்க வீடு வேண்டாம் என்று யான் கூறவில்லை. எங்கள் வீடும் அத்தகைய மனையொன்றில் எழுந்ததே. ஆனால் சென்ற ஐப்பசியில் ஆயா வழக்கமாகச் செல்லும் ஏழு புற்றுக்களுள் மூன்றே நின்றன. மற்ற நான்கில் எவ்வகைக் காளான் இருந்தது என்பதை இனி எந்தக் கருவியாலும் படிக்க முடியாது. சுவடி செல்லரிப்பதற்குமுன் படியெடுத்தல் வேண்டும் என்று ஐயர் ஓடியதை நாம் போற்றுகின்றோம். இங்கே செல்லின் சுவடியே அழிகின்றது. படியெடுக்க ஓடுவார் இல்லை.

ஆயாவுக்கு எழுபத்தாறு வயது. எந்தப் புற்றில் எந்த மழைக்குப்பின் எது எழும் என்பது அவர் நினைவில்மட்டும் உள்ளது. மரபணுத்தொகுதி காளானின் உறவைச் சொல்லும். அது வாழ்ந்த இடத்தையும் அதனை அறிந்தவர் அழைத்த பெயரையும் சொல்லாது. அவற்றை உடனிருந்தவர் எழுதினால் உண்டு. ஆகவே விடுமுறையில் அவரோடு நடந்து, நின்ற மூன்று புற்றுக்களினின்றும் ஒவ்வொரு காளானை வேரோடு எடுத்தேன். குடையைத் தாளின்மேல் கவிழ்த்து வித்துப்படியம் எடுத்தோம். புற்றுக்காளான்கள் மூன்றும் இளஞ்சிவப்புப் படியம் தந்தன. மெல்லிய துண்டுகளாக்கி, நேர்வெயில் படாமல் அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்தி, காகித உறையிலிட்டேன். நாள், இடம், அருகிருந்த மரம், மண்ணின் நிறம் ஆகியவற்றோடு ஆயா சொன்ன பெயரையும் அவர் சொன்னபடியே எழுதினேன். ஒன்றிற்கு அவர் பெயர் சொல்ல நெடுநேரம் யோசித்தார். தம் தாயார் அதற்கு ஒரு பெயர் வழங்கியதாகவும், அப்பெயர் நாவில் வந்து நின்றுவிடுவதாகவும் வருந்தினார். அவ்வுறையில் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கின்றது.

நம் தாவரவியல் துறையார் அன்புகூர்ந்து அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கித் தந்துள்ளனர். மூன்று உறைகளுக்கு அது மிகப் பெரியது. வானூர், மரக்காணம், திண்டிவனம் பக்கத்தினின்று வரும் நண்பர்காள், இம்மழைக்கு ஊர் செல்வீராயின், உறைகள் என்னிடம் உண்டு. வேண்டுமளவு வாங்கிச் செல்லுங்கள். அறியாத காளானை வாயில் வைக்க வேண்டாம். ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டியும் வைக்க வேண்டாம். ஒரே இரவில் அழுகிவிடும். குடையை மட்டும் கிள்ளாமல் அடிவரை தோண்டி எடுத்து வாருங்கள்.